ஆணியைப் பார்த்த ஊசி

ஜப்பான்காரன் காலத்தை நினைத்தால் என் கண்ணில் வருவது துப்பாக்கியல்ல, ஒரு பாட்டில் அகார் அகார், கடற்பாசியைக் காய்ச்சி உறையவிடும் கூழ். சீனி போடாதது. அப்போது சீனியை யார் கண்டது?

மலாயாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். கூடக் குழாய் திருப்பியவர் பக்கத்து வீட்டு அண்ணன். தண்ணீர் வராவிட்டால் இருவரும், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டும் என்று ஜப்பானிய அதிகாரி சொல்லிவிட்டார்.

துளையோ பாறையில் இடித்துச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த பக்கம் தெரிந்தால், ஒரு மர ஆப்பை இறக்கித் துளையை மறுபக்கம் திருப்பிவிடலாம். அந்த இருட்டுக்குள் யார் எட்டிப் பார்ப்பது? அதற்குத்தான் அகார் அகார். நான் காய்ச்சிக் கொடுப்பேன். சூட்டோடு பாதி பாட்டில் ஊற்றி, திசைகாட்டி ஊசியைத் தக்கையில் செருகி மிதக்கவிட்டு, குழாய்களை உருவிவிட்டுக் கயிற்றில் இறக்குவார்கள். உறைந்து மேலே வந்தால் ஊசி வடக்கைக் காட்டும். சரிந்து உறைந்த மேற்பரப்பு சாய்வைக் காட்டும்.

அது உறையும்வரை ரப்பர் மர நிழலில் உட்கார்ந்திருப்போம். இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பசி மயக்கமா தூக்கமா தெரியாது. அந்தத் துளைக்குள் நானே மெல்ல மெல்ல இறங்குவது போலிருக்கும். பயமாகவும் இருக்கும், சுகமாகவும் இருக்கும்.

ஊசி காட்டிய திசை மாறாமலிருக்க, குழாய்க்குக் குழாய் சுண்ணாம்புக் கோட்டை நேராக வைத்து ஆப்பை இறக்கினார்கள். மறுபடியும் அதே பாறை.

அடுத்த பாட்டில் மேலே வந்தபோதுதான் கவனித்தேன். காத்து கருப்பு அண்டக்கூடாதென்று அண்ணன் பாட்டிலில் கறுப்புக் கயிற்றால் ஓர் இரும்பாணி கட்டியிருந்தார். ஊசி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஆணி ஊசிய இழுக்குதுண்ணே!”

“அடக் கடவுளே, நல்லதுக்குத்தானே லா கட்டுனேன்!”

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆணியைக் கயிற்றோடு அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டேன்.

ஆணியில்லாமல் இறக்கிய பாட்டில் பொய் சொல்லவில்லை. துளை திரும்பியது, பாறையை விட்டு விலகி இறங்கியது, தண்ணீர் வந்தது. மூவரும் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தோம். அதிகாரியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும் என்று என் வீட்டுக்காரரை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

சயாமுக்குப் போகும் லாரியில் ஏறுமுன் அண்ணன் கேட்டார்: “தண்ணி நல்லாருக்கா தங்கச்சி?”

“இனிக்குதுண்ணே,” என்றேன். மடியிலிருந்த ஆணியை எடுத்து, அதே கறுப்புக் கயிற்றால் அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன்.