எப்போது நின்றது என்று கேட்டார்கள்

எனக்குக் காது பாதிதான் கேட்கும். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்ததில் மிச்சம் அதுதான். ஆனால் என் கை நன்றாகக் கேட்கும். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தால் பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, கோபமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு இடது முழங்கை மடிப்பில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார்கள். இதயத்திலிருந்து வேகமாக வரும் ரத்தக் குழாயையும், மெதுவாகத் திரும்பிப் போகும் குழாயையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுவது. அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். டயாலிசிஸ் ஊசியை அங்கேதான் குத்துவார்கள். தைத்த இடத்தில் ரத்தம் பாய்கிற வேகத்தில் தோலுக்கு அடியில் ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். டயாலிசிஸ் டெக்னீஷியன் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தினமும் தொட்டுப் பாருங்கள், இது நின்றால் அன்றைக்கே ஓடி வந்துவிட வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் கஷ்டம் என்றார்.

முன்பு மணிக்கட்டில் போட்ட ஃபிஸ்டுலா பிடிக்கவே இல்லை. வலது கை நரம்பெல்லாம் ஊசி குத்திக் குத்தி வீணாகியிருந்தது. இதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததுக்கு நரம்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கை போனால் அவள் போய்விடுவாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கை என் பொறுப்பில் இருந்தது. வளையலைக் கழற்ற வைத்தேன். குடம் தூக்கக் கூடாது, பை மாட்டக் கூடாது, அந்தக் கையில் ஒன்றுமே படக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒருமுறை புதுவாயல் மருந்துக்கடையில் பிரஷர் பார்க்க ஒரு பெண் தெரியாமல் இடது கையில் பட்டையைச் சுற்றப் போனாள். நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் அழுதே விட்டாள். என் மனைவி எனக்கு மாமன் மகள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது சொன்னாள். "உன் வாய்க்கு ஒரு டயாலிசிஸ் பண்ணணும் மாமா."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பு அவள் கையைத் தொட்டுப் பார்த்து, ஓடுதா என்று கேட்பேன். ஓடுது, நீ ஓடு, பஸ்ஸு போய்டப் போவுது என்பாள். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் தண்ணீர் குடிக்கலாம் என்பதால் வெயில் காலத்தில் நாக்கு வறண்டு தவிப்பாள். காயை வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துச் சாப்பிடுவாள். சக்கையைத் தின்கிறேன் என்று சிரிப்பாள். அவள் சிரித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நானும் நம்பினேன்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். புதுவாயலில் ஏறி, பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போவோம். அன்று ஆடி வெள்ளி. இயந்திரத்தில் இருக்கும்போதே அவளுக்கு பிரஷர் இறங்கிவிட்டது, காலெல்லாம் இழுத்துக்கொண்டது. முழு நேரம் ஓட்டாமல் முன்னதாகவே நிறுத்தி அனுப்பிவைத்தார்கள். திரும்பும்போது பெரியபாளையத்தில் அம்மன் கோயிலுக்கு வந்த, கால் வைக்க இடமில்லாத கூட்டம். வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிறவர்களும் மொட்டை போட்டவர்களுமாகப் பஸ் நிலையமே மஞ்சளாக இருந்தது. அவளை ஒரு பூக்கடை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, துண்டு போட்டு இடம் பிடிக்க ஓடினேன்.

திரும்பி வந்தால் அவள் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பூக்கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிக் காப்புக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பெண்களுக்கு இடது கையில்தான் கட்டுவார்கள்.

நான் அங்கேயே கத்தினேன். சாமி கும்பிட வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அறுத்துப் போடு என்றேன். கட்டிய காப்பை நடுவில் அறுக்கக் கூடாது, ஆடி முடியட்டும் என்றாள். எத்தனை வாரமாக இந்தக் கோயிலைத் தாண்டித் தாண்டிப் போகிறேன், ஒரு நாளாவது இறங்கிக் கும்பிட விட்டாயா என்றும் கேட்டாள். அது நிஜம். நிஜம் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"அப்போ அது உன் கை. நீயாச்சு, உங்க அம்மனாச்சு. இனிமே நான் தொட மாட்டேன்."

சொன்னபடியே இருந்தேன். சனிக்கிழமை தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டாலும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு ஆலைக்குப் போனேன். திங்கட்கிழமையும் அப்படியே. அவள் சோறு போட்டு வைப்பாள், நான் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பேன். நாற்பத்தெட்டு வயதுக்காரன் வீராப்பு இது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்துதான் போனோம். டெக்னீஷியன் வழக்கம்போல அவள் முழங்கை மடிப்பில் விரலை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். போய் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார், கையைப் பார்த்துக்கொள்வது நான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எப்போது நின்றது என்று கேட்டார்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் மணி முதற்கொண்டு சொல்லியிருப்பேன்.

"காலையில கூட ஓடிக்கினு இருந்துச்சு டாக்டர்," என்றாள் அவள். "எங்க ஊட்டுக்காரரு தொட்டுப் பாத்துட்டுதான் கூட்டினு வந்தாரு."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

காலையில்தான் நின்றது என்றால் அடைப்பை எடுத்துப் பார்க்கலாம் என்று உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் முடித்து வந்த டாக்டர், இது இன்றைக்கு அடைத்தது இல்லை, ரத்தம் உறைந்து மூன்று நாளாவது ஆகியிருக்கும், கெட்டியாகிவிட்டது, எடுக்க முடியவில்லை என்றார். நான் காப்புக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மணிக்கட்டில் தொளதொளவென்று கட்டிய கயிறு முழங்கையில் இருப்பதை அடைக்காது, பிரஷர் இறங்கியதில் ஆகியிருக்கும், யாருக்கும் நடக்கும், மறுநாளே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கயிற்றின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த வழியும் அடைத்துப்போயிற்று.

அதன்பிறகு கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிற குழாய். ஈரம் பட்டால் சீழ் பிடிக்கும் என்று தலைக்குக் குளிக்கக் கூடாது என்றார்கள். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறவள் அவள். ஈரத்துணியால் நான் தலையைத் துடைத்துவிடுவேன், இன்னா நாத்தம் பாரு மாமா என்பாள். இரண்டாவது மாதம் இயந்திரத்தில் இருக்கும்போதே குளிர் வந்தது. மூன்று போர்வை போட்டு நான் மேலே அழுத்திப் பிடித்தும் கட்டில் ஆடியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஊசி மருந்து போட்டார்கள், குழாயைக் கழுத்தின் மறுபக்கம் மாற்றினார்கள். சரியானது. மறுபடி குளிர் வந்தது. பிறகு தொடையில் மாற்றினார்கள். ஆளே கையளவு ஆகிவிட்டாள்.

கார்த்திகையில் கடைசியாக வார்டில் சேர்த்தோம். ஒருநாள் மத்தியானம், பக்கத்துக் கட்டில்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், என்னைக் கிட்டே வரச் சொன்னாள். எனக்குக் கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்தேன்.

"ஒண்ணு சொல்றேன், கத்தாத. அது செவ்வாக்கெழம நிக்கல. சனிக்கெழம விடியறப்பவே நின்னு பூட்ச்சு. கைய காதாண்ட வெச்சினு படுப்பேன்ல, அதும் சத்தம் கேக்கும் எனக்கு. அன்னிக்கு கேக்கல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"நீயா வந்து தொடுவேன்னு இருந்தேன் மாமா. தொட்டா சண்ட முடிஞ்சிடும்ல. ஒரு நாள்ல இன்னா ஆய்டப் போவுதுன்னு உட்டுட்டேன். அப்பால சொல்ல பயமா பூட்ச்சு."

நான் கத்தவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டதுபோல, தூங்கிப்போனாள். எட்டாம் நாள் போய்விட்டாள்.

எனக்கு அந்தச் சனிக்கிழமைக் காலை முழுவதும் ஞாபகம் இருக்கிறது. மறந்திருந்தால் தேவலை. வாசற்படியில் உட்கார்ந்து நான் சேஃப்டி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையை உள்ளங்கை மேலே தெரிய நீட்டி என் முழங்கால் ஓரமாக வைத்துக்கொண்டாள். என் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் கயிறுதான். என்னைச் சீண்டுவதற்காக அதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். லேஸில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போனேன்.