பலகாரப் பெட்டிக்குள் ஒரு துரை

போன செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டுச் சரசு போட்ட கூச்சலில், நான் குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால்... சமையலறை மேசைமேல் செலாயாங் மார்க்கெட்டில் வாங்கி வந்த பயத்தங்காய்க் கட்டு. கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பச்சைத் தலை. நாற்காலிமேல் ஏறி நிற்கும் சரசு. கையில் துடைப்பத்தோடு அவள் புருஷன் — அடிக்கத் தைரியம் இல்லை, ஓட மானம் விடவில்லை!

"ஆன்டி, கிட்ட போகாதீங்க! கடிச்சிரும் லா!"

நான் இரண்டு கைகளையும் குவித்து அதை மெதுவாக அள்ளினேன். வாசல் மாமரத்தில் கொண்டுபோய் விட்டேன்.

"ஒங்களுக்குப் பயமே இல்லையா ஆன்டி?"

"நான் வளத்திருக்கேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பாவம், வயசாகிவிட்டது என்பது போல!

நீங்களும் நம்பவில்லையா? அப்படியானால் இந்த வாரப் பத்தியில் அந்தக் கதைதான்.

ஜப்பான்காரன் காலம். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கவே பெற்றவர்கள் நடுங்கினார்கள். கல்யாணமானவள் என்றால் கொஞ்சம் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை. எப்படிப்பட்ட மாப்பிள்ளை என்று அலசிப் பார்க்க யாருக்கு நேரம்? கிள்ளானில் தையல் கடை வைத்திருந்த என் அப்பாவும் பயந்தார். யார் மூலமாகவோ ஒரு ரயில்வே மாப்பிள்ளை கிடைத்தார். மேளமில்லை, விருந்தில்லை. வந்தவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்து, மஞ்சள் கயிறு கட்டி, என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பி வைத்தார்கள். இவர் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே ரயிலில்தான்.

இவருக்கு சிக்னல் கம்பிகளைப் பழுது பார்க்கும் வேலை. நல்ல மனிதர்தான். ஆனால் பேச மாட்டார்.

"சாப்பிடுறீங்களா?"

"ம்."

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"ம்."

இதில் எந்த 'ம்' ஆமாம், எந்த 'ம்' வேண்டாம் என்று கண்டுபிடிப்பதிலேயே என் பொழுது போனது. ராத்திரியானால் அழுவேன். சத்தம் வராமல்தான். அதற்கும் இவர் ஒன்றும் கேட்டதில்லை.

நாங்கள் இருந்தது காசிம் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. பாயின் மனைவியும் பிள்ளைகளும் நாகூர்ப் பக்கம் ஊரில். கப்பல் நின்று போனதால் பாய் இங்கே, அவர்கள் அங்கே. கடையில் சீனி கிடையாது, மாவு கிடையாது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் பலகாரம் வைக்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து வைப்பார். உள்ளே ஒரு வடைகூட இருக்காது. பளபளவென்று காலியாக இருக்கும்.

ஒருநாள் இவர் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தூக்கை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். கழுவலாம் என்று மூடியைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து பச்சையாக ஏதோ ஒன்று என் கையில் தாவி, தோளில் ஏறி, தலைக்குப் போய்விட்டது!

"ஐயோ! என்னத்தக் கொண்டாந்தீங்க? எடுங்க! எடுங்கன்னு சொல்றேன்ல!"

நான் கத்திய கத்தில் பாய் கரண்டியோடு ஓடி வந்தார். இவரோ என் முடியிலிருந்து அதை நிதானமாக விடுவித்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விரல் நீளம் உடம்பு. அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வால்.

"பச்சோந்திக் குட்டி. தண்டவாளத்து ஓரமா லாலாங் புல்லு வெட்டுனாங்க. அருவாளுக்குத் தப்பிச்சு என் கால்ல ஏறிக்கிச்சு. விட மனசு வரல."

கல்யாணமான பிறகு இவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியங்கள் அவைதான்.

(விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது அசல் பச்சோந்தி இல்லையாம், மரப்பல்லி வகையாம். மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்பார்கள். நாங்கள் பச்சோந்தி என்றுதான் சொன்னோம். அதுவும் ஆட்சேபிக்கவில்லை.)

எதில் வைப்பது? இவர் பாயின் காலிப் பெட்டியைப் பார்த்தார். பாய் இவரைப் பார்த்தார்.

"தம்பி, அது பலகாரப் பெட்டி."

"பலகாரம் இல்லையே பாய்."

பாய் பெட்டியைத் தோள்துண்டால் இன்னொருமுறை துடைத்தார். "எடுத்துக்குங்க. சும்மா துடைச்சுத் துடைச்சு எனக்கும் அலுத்துப் போச்சு" என்றார்.

அடியில் உடைந்த ஓட்டுச் சில்லும் அடுப்புக்கரியும். மேலே ஆற்று மணலும் மண்ணும். அதில் பெரணிச் செடி, ஒரு வெற்றிலைக்கொடி, ஏறி உட்காரக் கொய்யாக் கிளை. மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிழிந்த கொசுவலையைக் கட்டினோம். உள்ளே ஒரு குட்டிக் காடு! நெருப்புப்பெட்டிக்கும் வழியில்லாத காலத்தில் எங்கள் அறையில் ஒரு காடு இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஆசையாக ஜன்னலில் வைத்தோம். வெயில் ஏறியதும் குட்டி கறுத்துப் போய், வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது. பதறிப் போய் நிழலுக்கு மாற்றினோம். சிரட்டையில் தண்ணீர் வைத்தோம், சீண்டவில்லை. செத்துவிடும் என்றே நினைத்தேன். மறுநாள் வெற்றிலைக்கொடி வாடுகிறதே என்று தண்ணீர் தெளித்தேன். இலையில் நின்ற சொட்டைக் குட்டி நக்கியது. ஒரு சொட்டு... இன்னொரு சொட்டு...

"என்னங்க! குடிக்குது! இங்க வாங்களேன்!"

பாதிச் சவரத்தில் ஓடி வந்தார். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, தலையோடு தலை இடிக்க, ஒரு பல்லி தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயர் வைத்தது இவர்தான். "வெள்ளக்காரத் துரைங்க எல்லாம் ஓடிட்டாங்க. மிஞ்சுனது இந்தத் துரை ஒண்ணுதான்."

இந்த மனிதருக்கு விளையாட்டாகவும் பேச வருமா! எனக்கு ஒரே ஆச்சரியம். பாய்தான் அலறினார்.

"தம்பி, துரை துரைன்னு சத்தமாக் கூப்பிடாதீங்க. வெள்ளக்காரன ஒளிச்சு வச்சிருக்கோம்னு ஜப்பான்காரன் மூணு பேரையும் அள்ளிக்கிட்டுப் போயிருவான்!"

அதனால் துரையைக் காதோடு காதாகத்தான் கூப்பிடுவோம்.

துரைக்கு உயிரோடு நகர்வதுதான் சாப்பாடு. வெட்டுக்கிளி, விட்டில், எறும்பு. சாயங்காலமானால் நானும் இவரும் லாலாங் காட்டோரம் பூச்சி பிடிக்கக் கிளம்புவோம். "மனுசன் கிழங்கத் தின்னுட்டுக் கிடக்கான், ஓணானுக்கு விருந்து கேக்குதா?" என்று பாய் திட்டுவார். ஆனால் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால், முண்டாசை அவிழ்த்து அள்ளிக்கொண்டு வருகிற முதல் ஆள் யார் தெரியுமா? அவரேதான்!

அந்தப் புல்லுக்குள்தான் நாங்கள் பேசப் பழகினோம். முதலில் வெட்டுக்கிளியைப் பற்றி. அப்புறம் ரவாங்கில் ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை செய்த இவர் அப்பாவைப் பற்றி. ஒருநாள், குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

"கல்யாணத்தன்னிக்குப் பயத்துல ஒம் பேரு எனக்கு மறந்து போச்சு. ஒங்கிட்ட கேக்க வெக்கம். கடைசியில பாய்தான் விசாரிச்சுச் சொன்னாரு."

"அதனாலதான் கூப்பிடவே இல்லையா?"

"ம்."

"இப்போ சொல்லுங்க பாப்போம்."

"லோகநாயகி" என்றார். சொல்லிவிட்டு, வெட்டுக்கிளியைத் தவறவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் அழவில்லை என்பது மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது.

துரை வளர்ந்தான். கழுத்தில் சீப்புப்பல் மாதிரி முள் எழும்பியது. என் விரலில் ஏறி உட்காரும் அளவுக்குப் பழகிவிட்டான். யுத்தமும் கூடவே வளர்ந்தது. இங்கிலீஷ்காரன் பிளேன் வர ஆரம்பித்தது. அவன் குறி ரயில்வே. நாங்கள் இருந்ததோ ரயில்வேயின் மடியில்!

ஒருநாள் கிள்ளானிலிருந்து கரியில் ஓடும் லோரி ஒன்றில் அப்பா வந்து இறங்கினார். தேங்காய் ஏற்றி வந்த லோரி. முகமெல்லாம் கரி. உட்காரக்கூட இல்லை.

"மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. இங்க என்னைக்குக் குண்டு விழுமோன்னு இவ அம்மா தூங்கறதே இல்ல. சண்டை முடியற வரைக்கும் புள்ள எங்களோட இருக்கட்டும். லோரி காத்துக்கிட்டு இருக்கு."

இவர் என்னைப் பார்க்கவில்லை. "மாமா சொல்றது சரிதான். நான் வேலைய விட்டுட்டு வர முடியாது. நீ போ" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "துரையையும் எடுத்துட்டுப் போ. நான் வேலைக்குப் போயிட்டா தண்ணி தெளிக்க ஆளில்ல" என்றார்.

குரல் சரியாக இல்லை. எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்துக்குள் இவருடைய 'ம்'களில் எல்லா ரகமும் எனக்கு அத்துப்படி அல்லவா?

நான் போக மாட்டேன் என்று உள்ளே ஒரு குரல் கத்துகிறது. ஆனால் அப்பா முன்னால், புருஷன் முன்னால், "இவரை விட்டுட்டு நான் வரல" என்று அந்தக் காலத்துப் பெண் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைப் பார்த்தேன். துரையின் கழுத்தோரம் தோல் வெள்ளையாகக் கிளம்பி நின்றது.

"அப்பா... இது தோல் உரிக்குது."

"என்னது?"

"தோல் உரிக்குதுப்பா. இந்த நேரத்துல லோரியில வச்சுக் குலுக்கிக் கொண்டு போனா செத்துரும். இத விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

அப்பா என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "அடியே, ஓணானுக்குத் தோல் உரியுது, அதனால ஒம் மக வரலன்னு ஒங்கம்மாகிட்ட நான் போய்ச் சொல்லணுமா?"

அப்போது வாசலில் நின்றிருந்த பாய் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, புள்ள சொல்றது நெசம். தோல் உரிக்கிற நேரத்துல எடத்த மாத்தவே கூடாது" என்றார் ரொம்ப கம்பீரமாக. பாய்க்கு ஓணான் பற்றி ஒரு மண்ணும் தெரியாது!

லோரி ஹாரன் அடித்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார். கிள்ளானுக்குப் போய் அப்படியே சொல்லியும் இருக்கிறார். அம்மா வெகு நேரம் சிரித்தாளாம். "அவளுக்கு அங்க மனசு ஒட்டிக்கிச்சு. இனிமே கூப்பிடப் போகாதீங்க" என்றாளாம்.

அன்று இவர் என்னிடம் கேட்டார்: "தோல் உரிச்சா நெசமாவே அசைக்கக் கூடாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நின்றார். பிறகுதான் புரிந்தது. திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அம்மா பயந்தது நடக்காமலும் இல்லை. ஒரு பகல். இவர் வேலைக்குப் போயிருந்தார். சங்கு ஊதியது. பாய் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுப் பதுங்கு குழிக்குள் குதித்தார். துரையை எடுக்கத் திரும்பினேன், விடவில்லை. பூமி எழும்பி எழும்பி விழுந்தது. பாய் ஓதிக்கொண்டே இருந்தார். நான் முருகா முருகா என்றேன்.

வெளியே வந்தால் அறையின் பின்சுவர் இல்லை. பெட்டி நொறுங்கிக் கிடந்தது. எங்கள் காடு தரையில் மண்ணோடு மண்ணாக... துரையைத் தேடவில்லை நான். ரயில்வே பக்கம் கரும்புகை. வெறுங்காலோடு ஓடினேன். முனையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் வழியை மறித்திருந்தார்கள். அங்கேயே நின்றேன். தூக்கி வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் எட்டிப் பார்த்தேன். அந்த ஒரு பகலில் எனக்குப் பாதி வயசு கழிந்துவிட்டது.

வெயில் சாய்கிற நேரத்தில் இவர் வந்தார். தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். ஒரு காலில் மட்டும் செருப்பு. என்னைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். கிட்டே வந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"துரை எங்க?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! நடுத்தெருவில் அழுதுகொண்டே கத்தினேன்: "நான் உசுரோட இருக்கேனான்னு கேக்கத் தோணலையா ஒங்களுக்கு?"

"நீ இருக்கறதப் பாத்த பிறகுதானே லோகா, அதக் கேக்குறேன்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரோடு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

வீட்டை நெருங்கும்போதே பாய் தெருவே கேட்கக் கூவினார்: "தம்பி! துரை இங்க இருக்காரு! துரை இங்க இருக்காரு!"

பின்கட்டு முருங்கை மரம். கைக்கு எட்டும் கிளையில் துரை ஒட்டிக்கொண்டிருந்தான். காய்ந்த பட்டை மாதிரி கறுப்பாக. மூவரும் அசையாமல் நின்றோம். கழுத்தில் முதலில் ஒரு திட்டு பச்சை தெரிந்தது. பிறகு முதுகு. கடைசியாக வால்.

நேரத்துக்கு நிறம் மாறுகிற மனிதர்களைப் பச்சோந்தி என்று திட்டுகிறோம். எனக்கு அந்த வசவு வராது. அது பயத்தில் கறுத்ததையும், பயம் தெளிந்து பச்சையானதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இவர் கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். "பொட்டி ஒடஞ்சு போச்சே" என்றார்.

"பொட்டி இருந்தாலும் வேணாங்க. போகட்டும்."

துரை ஒருமுறை தலையைத் தூக்கினான். கிடுகிடுவென்று மேலே ஏறி, இலைகளுக்குள் போய்விட்டான். அப்புறம் அவனைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பச்சையாக எது அசைந்தாலும் பாய் மட்டும் சலாம் வைப்பார்.

சுவர் இல்லாத அறையில் அன்றைக்குக் கோரைப்பாயை விரித்துப் படுத்தோம். குண்டு விழுந்தபோது தான் எங்கே பதுங்கினார், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன நினைத்துக்கொண்டார் என்று இவர் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மனிதர் இன்னும் நிறுத்தவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் எத்தனை தடவை குறுக்கே பேசினார் என்கிறீர்கள்!