ராத்தா ‘இல்லை’ என்று சொன்ன கடை

எங்கள் ராத்தா அல்லாஹ்விடம் மீண்டு ஓராண்டு நிறைகிறது. அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓத வந்திருக்கும் சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் அவருடைய தங்கச்சி நான் எழுதுகிறேன். அழுது எழுதப்போவதில்லை. ராத்தாவுக்கு அது பிடிக்காது.

கல்முனைக்குடியில் ஒரு மீன் வியாபாரியின் மூத்த பிள்ளையாக ராத்தா பிறந்தார். எங்கள் வாப்பா மௌத்தாகி, வீட்டில் உழைக்க ஆளில்லாமல் போனபோது நாங்கள் சிறுபிள்ளைகள். ராத்தா பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்தார். எனக்கு மூத்தவரான காக்காவும் நானும் படித்தது அந்த மெசினால்தான். திருமணத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்த முன்னறையைப் பெண்கள் உடுக்கும் அபாயா அங்கி தைக்கும் கடையாக்கி, உழைத்தே ஆகவேண்டிய நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு பசார் முழுக்க ரெடிமேட் அபாயாக்கள் வந்து குவிந்தன. நான் அப்போதுதான் முகாமைத்துவப் பட்டம் முடித்திருந்தேன். சந்தை கேட்பதைக் கொடுக்காத கடை மூடப்படும் என்று படித்திருந்தேன், அப்படியே நம்பினேன். ஒருநாள் ஒருவர் வந்து துபாய் அபாயா கேட்டார். ராத்தா “இல்ல” என்றார். எங்கள் பசாரில் எந்த வியாபாரியும் அந்தச் சொல்லை அப்படிப் போட்டு உடைக்க மாட்டான். “முடிஞ்சி, நாளைக்கு வரும்” என்பான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“சனம் கேக்கிறத வெக்காம இது என்ன கட ராத்தா? இந்த நாலு பேரும் எங்க போற?”

“அத பசார் முழுக்க வெச்சிரிக்காங்க. நாமளும் அதையே வெச்சா நம்மட்ட ஏன் வரணும்? நம்மட்ட மட்டும் என்ன இரிக்கி, அத யோசி புள்ள.”

“என்னதான் இரிக்கி?”

“பொம்புளைக்கு அளவெடுக்கத் தெரிஞ்ச கை இரிக்கி. எடுத்த அளவ வெளிய கதைக்காத வாயும் இரிக்கி.”

அதை வைத்து உலை கொதிக்குமா என்று கேட்டேன். உண்மையில் அந்த மாதங்களில் மெசின்கள் சும்மாதான் கிடந்தன. ராத்தா அசையவில்லை.

பிறகு ஒரு பெண் வந்தார். மார்பில் சத்திரசிகிச்சை செய்தவர். அவருக்கு எந்த அபாயாவும் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. பசாரில், சரிகிற துணியை மடித்து ஊசியால் குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ராத்தா கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளந்தார். தைத்ததைப் போட்டுப் பார்த்த அந்தப் பெண் கண்ணாடி முன்னாலிருந்து நகரவேயில்லை. அவர் யாரிடம் சொன்னாரோ, முதுகு வளைந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் எங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

நான் அப்போதும் விடவில்லை. “அவங்களும் சந்தைதான் ராத்தா. அவங்க வராட்டி ஒங்கட கையால என்ன செய்யிற?” என்றேன்.

ராத்தா சிரித்தார். “ஓம், சரிதான். அப்ப தேடிப் புடிக்கிறது ஒண்ட வேல.”

அன்றிலிருந்து அயலூரான நாவிதன்வெளி வரை நான் ஆட்களைத் தேடி அலைந்தேன், ராத்தா அளந்தார். நான்கு மெசின்களும் ஓய்வில்லாமல் ஓடின.

மற்றவர்களின் உடம்பைப் பற்றிக் கதைக்காத ராத்தா தன் உடம்பைப் பற்றியும் கதைக்கவில்லை. நோய் முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதில் எனக்கு இன்றும் அவர்மீது கோபம்தான்.

வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அயல்வீட்டாருக்கும், ஜனாஸாவைத் தோள் கொடுத்துச் சுமந்த ஜமாஅத்தாருக்கும், இரவு பகலாகப் பணிவிடை செய்த ராத்தாவின் கணவர், எங்கள் மச்சானுக்கும் எங்கள் நன்றி. ராத்தாவின் கப்ரை அல்லாஹ் ஒளியாக்கி வைக்க துஆச் செய்யுங்கள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் எழுத மாட்டேன், அது கடை வழக்கம். ராத்தா போன பிறகு, முன்னறையை ஃபோன் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்று காக்கா சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பெண் அளவு கொடுக்க வந்தார். ராத்தா இல்லை என்று தெரிந்ததும் வாசலிலேயே தயங்கி நின்றார். நான்கு பெண்களும் தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அதுவரை யாரையும் அளந்ததில்லை. அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டேன்.

“நீங்க ராத்தாட தங்கச்சியா?”

“ஓம்.”

அவர் உள்ளே வந்து, தானே கதவைச் சாத்தினார்.