சோற்றை விட்ட வருஷம்

அக்காவுக்கு அப்போது இருபத்தாறு முடிந்திருந்தது. எங்கள் சனத்தில் அந்த வயதில் பெண் வீட்டில் இருந்தால், வழியில் பார்க்கிறவர்கள் நலம் விசாரிப்பதுபோல அதைத்தான் விசாரிப்பார்கள். அவள் பத்தாவதோடு நின்று நூல் மில்லுக்குப் போனவள். நான் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றுதான் அவள் மில்லுக்குப் போனாள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "எனக்குப் படிப்பு ஏறல, போனேன். இதுல தியாகம் என்ன கெடக்குது?" என்பாள்.

அப்பா உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய்க் களத்தில் உரிக்கிற வேலை பார்த்தார். அம்மா காட்டு வேலை. நான் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். படிப்பில் நடுவாந்திரம், ஆனால் ஓட்டத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும். நீண்ட தூர ஓட்டம். முன்னால் போகிற கூட்டத்தோடு கடைசிக் கால்வாசி வரைக்கும் ஒட்டிக்கொண்டே போவேன். அதற்கப்புறம் காலுக்குள் இருந்ததை யாரோ உருவிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு போட்டியிலும் இதேதான்.

டவுன்ஹால் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகை கிடைத்தது. அரிசி, கோதுமை, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொழுப்பை உணவாக்கிக்கொண்டால், உடம்பு தன் கொழுப்பையே எரித்து நெடுந்தூரம் ஓடும் என்று ஒரு கட்டுரை சொன்னது. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்புகிற புத்தி எனக்கு அப்போது இருந்தது.

மறுநாளே சோற்றை விட்டேன். முட்டை, கெட்டித் தயிர், கீரை, ஞாயிற்றுக்கிழமை கறி, மற்ற நேரமெல்லாம் தேங்காய். அப்பாவின் களத்தில் உடைந்த காய்களும் கொப்பரைத் துண்டும் கேட்டால் கொடுப்பார்கள், பைநிறையக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துக்கொண்டேன். விடுதிச் சமையல்காரர்தான் முதலில் கேட்டார்: "ஏனுங்க தம்பி, சோத்துக்கும் சேத்துக் காசு கட்டிப்போட்டு முட்டைய மட்டும் தின்னுட்டு எந்திரிச்சா எப்படீங்க? நானு என்ன பாவஞ் செஞ்சேன்?"

முதல் சில வாரங்கள் நரகம். தலைவலி, மலச்சிக்கல், தொடையில் பிடிப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு. உப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே இருந்திருக்கிறது. பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிப் போட்டிருந்ததால் விளம்பரம் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன். மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடித்த பிறகு பிடிப்பு நின்றது. அப்புறம் நம்ப முடியாத ஒன்று நடந்தது. பசி என்பதே காணாமல் போனது. காலையில் வெறும் வயிற்றோடு மருதமலை ரோட்டில் எவ்வளவு தூரம் போனாலும் கால் காலியாகவில்லை. ஆனால் கடைசியில் வேகம் கூட்ட வேண்டிய இடத்தில் கூட்ட முடியவில்லை. ஒரே கியரில் போகிற லாரி மாதிரி போய்க்கொண்டே இருந்தேன். இது முன்னேற்றமா இல்லையா என்று எனக்கே குழப்பம். அறையில் கூட இருந்தவன், என் வாயில் நைந்துபோன அன்னாசிப் பழத்தின் வாடை அடிக்கிறது என்று கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வீட்டில் அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது நெல்லுச்சோறு நோம்பி, பண்டிகைக்கு மட்டும்தான்; மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும். பிள்ளைகள் மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்கிறார்கள் என்பதுதான் அவள் வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த வெற்றி. நான் ஊருக்குப் போனால் அரிசியும் பருப்பும் போட்டுச் சோறாக்கி நெய் ஊற்றி வைப்பாள். நான் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"பாருடி உன்ற தம்பிய. அணில் மாதிரிக் கொறிக்கறான்" என்று அக்காவிடம் முறையிடுவாள்.

"வால் மொளைக்கட்டும்மா, அப்பப் பாத்துக்கலாம்" என்பாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பஸ் டிப்போவில் மெக்கானிக். பெண் பார்க்க வந்தவர் மில் வேலையைப் பற்றி அக்காவிடமே நேராக நாலு கேள்வி கேட்டார், அவளும் பதில் சொன்னாள். அவர்கள் போன பிறகு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதற்கு முன் வந்துபோன யாருக்காகவும் அவள் அப்படி இருந்ததில்லை.

சம்பந்தம் முடிவாகும் வரை ஒருவர் வீட்டில் ஒருவர் காபித் தண்ணியோடு எழுந்துவிடுவார்கள். முடிவான பிறகுதான் உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்குப் பெயர் கை நனைப்பது. இலையில் சோறு தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அப்பாவும் அம்மாவும் நானும் கோபிக்குப் போனோம்.

மாப்பிள்ளையின் அம்மா தானே இலை போட்டுப் பரிமாறினார். "குத்தகைக் காட்டு நெல்லுங்க. நாங்களே நட்டு நாங்களே அறுத்தது" என்று சொல்லிச் சோற்றைக் குவித்தார். நான் பொரியலைத் தின்றேன், கூட்டைத் தின்றேன், தயிரைக் குடித்தேன். அவ்வளவு பேர் சாப்பிடும்போது என் இலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பெண்ணின் தம்பி இலையை எல்லோரும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"தம்பி சோத்தத் தொடவே இல்லீங்களே" என்றார் அந்த அம்மா.

எல்லோருடைய கையும் இலையில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் கேட்டார்: "ஏனுங்க, தம்பிக்குச் சம்பந்தத்துல மனசு இல்லீங்களா?"

"ஐயோ இல்லீங்க மாமா. நான் ஓட்டத்துக்காக…" என்று ஆரம்பித்தேன்.

அப்பா குறுக்கே பாய்ந்தார். "டாக்டரு சோறு வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. அதானுங்க, வேறொன்னும் இல்லீங்க."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. ஓடுவதற்காகச் சோற்றை ஒதுக்குகிறான் என்றால் எங்கள் மாதிரி வீட்டில் அது திமிர். டாக்டர் சொன்னார் என்றால் யாருக்கும் மனசு நோகாது. அவர்கள் மனம் கோணக் கூடாது என்கிற மரியாதையில் வந்த பொய்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "சக்கரைங்களா? இந்த வயசுலீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க அத்தே" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்து வாயில் போடப் போனேன். அவர் குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாஞ்சாமி. எங்களுக்கோசரம் தின்னு உடம்பக் கெடுத்துக்காதீங்க. என்ற அண்ணனும் இப்படித்தானுங்க, போற எடத்துல மரியாதைக்குத் தின்னு தின்னு, கடைசீல காலையே எடுத்துப்போட்டாங்க." என் இலையில் இருந்த சோற்றைத் தன் கையாலேயே ஒரு தட்டில் வழித்து எடுத்தார். கண் கலங்கியிருந்தது. அவர்மீது எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை.

வீட்டில் அக்கா முழுவதையும் கேட்டாள். "ஒரு வாய் தின்னிருந்தா செத்தா போயிருவ?" என்றாள். கொஞ்சநேரம் கழித்துச் சிரித்தாள். "எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போயி இவனுக்கு வியாதி பாத்துட்டு வந்திருக்கறீங்க."

நாலு நாளில் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். பெண்ணுக்கும் அது வருமோ, பிறக்கிற பிள்ளைக்கு வருமோ என்று நேராகக் கேட்கவில்லை. "ஒரு டெஸ்ட் எடுத்துப்போட்டா ரண்டு பக்கமும் மனசுக்குச் சமாதானமுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். ஒரு காகிதத்தில் முடிகிற விஷயம்தானே. நீங்களும் கூட வாருங்கள் என்று நானேதான் அவரைக் கூப்பிட்டேன்.

கோயமுத்தூரில் ஒரு லேபில் வெறும் வயிற்றில் சிறுநீர் கொடுத்தேன். அப்புறம் சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். எதிரில் அவர் உட்கார்ந்திருக்க, ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். மாதக்கணக்கில் தொடாத சோற்றை மூன்று தரம் வாங்கினேன். பாயசம் இரண்டு கிண்ணம். "நல்லாச் சாப்பிடுங்க தம்பி" என்று தன் ஜாங்கிரியையும் என் இலையில் வைத்தார். அவரும் மனதார இது நன்றாக முடிய வேண்டும் என்றுதான் நினைத்தார்.

லேபில் இருந்தவர் முகத்தைத் தூக்காமலே சொன்னார்: "யூரின்ல சக்கரை இல்லீங்க. ஆனா கீட்டோன் இருக்குது. அது சக்கரை முத்துனவங்களுக்குத்தான் வரும். ரத்தத்துலயும் சக்கரை கூடத்தான் இருக்குதுங்க. டாக்டரப் பாத்துருங்க."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வைத்தியம் பாத்தா எல்லாம் சரியாயிருங்க தம்பி. மனச உட்றாதீங்க" என்று சொல்லி பஸ் ஏறினார்.

நான் அன்றே ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். என்ன தின்கிறேன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கொழுப்ப எரிச்சு வாழற உடம்புல கீட்டோன் வரத்தான் செய்யும். பட்டினி கெடந்தாலும் வரும். வாயில அந்த வாடையும் அதுதான். இத்தனை மாசமா சோறே பாக்காத உடம்புல திடீர்னு மூட்டையா எறக்குனா, அதுக்குச் சமாளிக்கத் தெரியாது, சக்கரை ஏறும். ஒரு வாரம் எல்லாரும் திங்கற மாதிரித் தின்னுட்டு மறுபடி டெஸ்ட் எடு."

"அப்ப இது ஓட்டத்துக்கு நல்லதுங்களா டாக்டர்?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. பத்து வருசம் இப்படியே தின்னா நெஞ்சு என்னாகும்னும் தெரியாது. ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னும் ஒரு தடவ பாத்துக்கோ."

ஒரு வாரம் வீட்டில் சோறு தின்றேன். அம்மா ஒவ்வொரு வேளையும் நெய் ஊற்றிப் போட்டாள். முகம் உப்பியது, தண்ணீர்த் தாகம், மத்தியானம் தூக்கம். ஆனால் மாலையில் ஓடும்போது கடைசியில் கால் துள்ளியது. அந்த வேகத்தை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டில் எது என் உடம்பு என்று தெரியவில்லை. இரண்டாவது டெஸ்டில் சர்க்கரை சரியாக இருந்தது, கீட்டோன் இல்லை. கொழுப்பு மட்டும் இருக்க வேண்டியதைவிடக் கூட இருந்தது. தேங்காயால் வந்ததா, பிறவியிலேயே அப்படியா என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை.

அப்பாவும் நானும் காகிதத்தை எடுத்துக்கொண்டு கோபிக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னேன். கீட்டோன், கொழுப்பு, எரிவது, எல்லாம். சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறவன்போல எனக்கே கேட்டது. "சரீங்க தம்பி, சரீங்க" என்றார் ஒவ்வொன்றுக்கும்.

அந்த அம்மா காபி கொண்டுவந்தார். அப்பாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். எனக்குத் தனியாக இன்னொன்று. "தம்பிக்குச் சக்கரை போடலீங்க. பயப்படாமக் குடிங்க" என்றார்.

அப்பா காகிதத்துக்குக் கையை நீட்டி, அதைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் சக்கரை போடுங்க அத்தே" என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். உள்ளே போய்க் கொண்டுவந்து அரை ஸ்பூன் போட்டார். நான் குடித்து முடிக்கும் வரை இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாளில் சொல்லி அனுப்பினார்கள், பையன் ஒரு வருசம் போகட்டும் என்கிறானாம். எங்கள்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தத் தையிலேயே மாப்பிள்ளைக்குப் பவானிப் பக்கம் பெண் எடுத்தார்கள். அடுத்து வந்த தரகர் உட்காரும் முன்பே, "தம்பிக்கு இப்ப உடம்பு தேவலைங்களா?" என்றார்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மில்லுக்குப் போனாள், வந்தாள். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டேய் தம்பி, நெசமாலுமே உனக்கு ஒன்னும் இல்லதான?"

"அக்கா!"

"இல்ல, கேட்டேன். எனக்கும் ஒருக்காப் பாத்தறலாமாடா?"

சந்தேகம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அவள் லீவு போட்டாள். அதே லேபுக்குக் கூட்டிப்போனேன். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரே மடக்கில் குடித்தாள். பெஞ்சில் காத்திருந்தோம். ரேடியோவில் ஏதோ விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

வெளியே வந்து வெயிலில் நின்று காகிதத்தை அவளே ஒருமுறை படித்துப் பார்த்தாள். மடித்தாள். பையில் வைக்கவில்லை.

"இத யாருகிட்டடா கொண்டுபோயிக் காட்டறது?" என்றாள்.