சவரிமுத்து வீட்டு ரோஸ் தரை

இப்போது டைல்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் போனைத் திறந்து நூறு தரை காட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் அங்கிருந்தே விரல் வைத்து இதுதான் வேண்டும் என்கிறார். செய்யட்டும். ஆனால் படத்தைப் பார்த்துத் தரை எடுக்கிற வம்பில் எங்கள் செஞ்சிப் பக்கத்தில் முதலில் மாட்டியவன் நான்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

1. ஆள் எடுத்த விதம்

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். பாண்டிச்சேரியில் ஒரு மேஸ்திரியிடம் மொசைக் வேலை கற்றுக்கொண்டு, அவரோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் ஊரான சிங்கவரத்துக்கே திரும்பியிருந்தேன். இனி சொந்தமாகத்தான் வேலை எடுப்பேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"போ, போ. திரும்பி வருவே. அப்ப உனக்குக் கலவ சுமக்குற வேலதான் இருக்கும்" என்று அவரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

அப்போது செஞ்சியில் தரை என்றால் கடப்பாக்கல், வசதி குறைந்தால் சிமெண்ட் பூச்சு, அதற்கும் குறைந்தால் சாணி. டைல்ஸ் போடச் சொல்லி யாரும் என்னைத் தேடி வரவில்லை. கரணையும் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் வீட்டில் துணி சுற்றிக் கிடந்தன. என் அம்மா அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பாண்டிச்சேரி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் லூர்துமேரி அக்கா ஆள் அனுப்பினார். அவருடைய கணவர் சவரிமுத்து சிங்கப்பூரில் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அனந்தபுரம் ரோட்டில் அவர்களுக்கு ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்து ஓடு போட்டாயிற்று, தரை மட்டும் பாக்கி. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் சவரிமுத்துவின் அப்பா ராயப்பன். பார்த்துக்கொண்டார் என்றால், கட்டில் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

சவரிமுத்து கடிதம் எழுதியிருந்தார். டைல்ஸ் போடுகிற ஆளையும் அவன் போட்ட தரையையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், கண்ணால் பார்க்காமல் ஆள் வைக்க முடியாது. ராயப்பன் அதைச் சொல்லிவிட்டு, "எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சப்பகூட எங்க நைனா இவ்ளோ விசாரிக்கல" என்றார்.

போட்டோ எடுக்கத் தரை வேண்டுமே. பாண்டிச்சேரியிலிருந்து நாலு தினுசு டைல்ஸ் கொண்டுவந்து அவர்கள் மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் பாய் அகலத்துக்கு ஒரு மாதிரித் தரை போட்டேன். வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்டது ஒன்று, சாம்பல், மஞ்சள், சிவப்பு. ரசமட்டம் வைத்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, ஜாயிண்ட் தெரியாமல் சிமெண்ட் பால் ஊற்றி, கல் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டேன்.

லூர்து அக்கா வந்து பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது தப்பு, உட்கார்ந்தார். ஒரு முறம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கலரிலும் காலை நீட்டி உட்கார்ந்து கொஞ்ச நேரம் உடைத்தார். எங்கள் பக்கத்தில் ஆடி விதைப்புக்கு முன்னால் வீட்டுப் பெண்கள் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைப்பார்கள். மூட்டை மூட்டையாக உடைக்கிற வேலை அது. தொலியிலிருந்து செம்மண்ணும் தூசும் கொட்டும். வெள்ளையில் கொட்டிய செம்மண் பத்தடி தூரத்திலிருந்தும் தெரிந்தது. சிவப்பில் இருக்கிற இடம் தெரியவில்லை.

"இதான்" என்று சிவப்பைத் தட்டினார். "ஆனா அவரு சொல்லட்டும். அவரு ஊடு."

2. படம் பிடித்தவர்

போட்டோ எடுக்க வந்தவர் ஸ்டுடியோ கோவிந்தசாமி. பெரிய கலைஞர். ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக்கோட்டை மலை தெரிகிற இடத்தில் ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, ஜன்னலை மூடிவிட்டு, கோட்டை வரைந்த துணித்திரையைத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் ஆட்களை நிறுத்துவார்.

ஆள் இல்லாமல் வெறும் தரையைப் படம் பிடிக்க அவர் ஒப்பவில்லை. "மண்ண மட்டும் புடிக்கிறதுக்கு நான் இன்னா சர்வே ஆபீசா?" என்றார். என்னிடம் நல்ல சட்டை இல்லை. ராயப்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் கரணையோடு, நான் போட்ட தரையிலேயே, வெள்ளை இருந்த பக்கத்தில், பெண் பார்க்க வந்தவனைப் போல் நின்றேன். படம் சிங்கப்பூருக்குப் போயிற்று. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. கோவிந்தசாமியே கவரில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டார்.

பங்குனி கடைசியில் பதில் வந்தது. லூர்து அக்கா படிக்க, ராயப்பனும் நானும் கேட்டோம். ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது, கையில் வாட்ச் கட்டியிருக்கிறான், நேரம் தவறாமல் வேலை முடிப்பான், அவனையே வைத்துக்கொள்ளவும். தரை அந்த ரோஸ் கலரே இருக்கட்டும், ஓரத்தில் அந்த இளம்பச்சை பார்டர். இங்கே எல்லோரும் பார்த்துவிட்டு மிகவும் பாராட்டினார்கள்.

மூன்று பேரும் என் கையைப் பார்த்தோம். வாட்ச் இல்லை. மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் போய்ப் பார்த்தோம். ரோஸ் இல்லை.

ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டபோது கோவிந்தசாமி கொஞ்சமும் பதறவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேல் பிரஷ்ஷால் கலர் பூசுவது அவருடைய தனித் திறமை. கல்யாணப் பெண்ணுக்குக் கன்னத்தில் ரோஸ், குழந்தைக்கு உதட்டில் சிவப்பு, மாப்பிள்ளை கையில் ஒரு வாட்ச், எல்லாம் வழக்கமாகச் செய்வார்.

"ஃபாரின் போற படத்த வெறும் படமா அனுப்புனா என் பேரு இன்னா ஆவுறது?" என்றார். "உங்க வெள்ளத் தர செத்துப்போன மாதிரி இருந்துச்சி. அதான் உசுரு குடுத்தேன். உனக்கும் கன்னத்துல லேசா வெச்சிருக்கேன்."

ஆக என்னை வேலைக்கு எடுத்தது என் ரசமட்டமோ என் பாலிஷோ அல்ல. கோவிந்தசாமியின் பிரஷ்.

3. ரோஸ் தேடின கதை

வந்த வேலையை விட முடியுமா? பாண்டிச்சேரிக்குப் போய் டைல்ஸ் கம்பெனியில் ரோஸ் கேட்டேன். அங்கே இருந்தவர், "ரோஸா? வீட்டுக்கா, மிட்டாய்க் கடைக்கா?" என்றார். கெஞ்சியதில், கொஞ்சம் வெள்ளை சிமெண்டில் சிவப்பு ஆக்ஸைடைச் சிட்டிகை போட்டுக் கலந்து ஒரு டைல்ஸ் வார்த்துக் கொடுத்தார். ஈரத்தில் அழகாக இருந்தது. காய்ந்ததும் கொண்டுவந்து ராயப்பனிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து தன் ஈறைக் காட்டினார். அதே கலர்தான்.

நான் சவரிமுத்துவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன். அக்கா எழுதினார். ரோஸ் டைல்ஸ் கிடையாது, படத்தில் இருப்பது ஸ்டுடியோக்காரர் பூசின கலர், இங்கே சிவப்புதான் தோதுப்படும். அதற்கு வந்த பதில் சுருக்கமாக இருந்தது. போட்டோ பொய் சொல்லாது, ஆட்கள்தான் சொல்வார்கள், படத்தில் இருக்கிற தரையைப் போடவும். ஆனி மாதம் கப்பலில் வருகிறேன், வந்ததும் சர்ச் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வீடு மந்திரிக்க வேண்டும்.

ராயப்பன் கட்டிலில் புரண்டு படுத்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துக்கொள்வதில் கஷ்டமான கட்டம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அவரு மூணு வருசத்துக்கு ஒருக்கா வருவாரு. ஒரு மாசம் இருப்பாரு. அதுல பாதி நாளு சொந்தக்காரங்க ஊட்டுல சாப்புடுவாரு. இந்தத் தரைய தெனமும் பெருக்கப்போறது நானு. நீ செவப்பையே போடு, ஏழுமல."

"அக்கா, வந்து பாத்துட்டு என்ன ஒதைச்சித் தொரத்துனா?"

"ஒதைக்கறதுன்னா என்னத்தான் மொதல்ல ஒதைக்கணும். நீ போடு."

இது கெட்டால் செஞ்சியில் இன்னொருவன் எனக்குத் தரை கொடுக்க மாட்டான். ஆனாலும் போட்டேன். கூடத்துக்கு முழுச் சிவப்பு, ஓரத்தில் ஒரு வரிசை சாம்பல். பாலிஷ் கல்லால் தேய்த்து, மெழுகு போட்டு, தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தபோது கூரை ஓடு தரையில் தெரிந்தது. என் கையால் போட்டதில் அதைவிட நல்ல தரை அதற்கு முன்னால் இல்லை. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

4. வீட்டுக்காரர் வந்தார்

சவரிமுத்து ஆனியில் வந்து சேர்ந்தார். பூட்ஸோடு வாசற்படியில் நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"இது இன்னா கலரு?"

"செவப்பு" என்றார் ராயப்பன், ஏதோ உதவி செய்கிற மாதிரி.

"நான் கேட்டது ரோஸு. இவன்தான் அந்த ஆளா? வாட்ச் எங்க?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கூடத்துக்குள் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். "எல்லாத்தையும் பேத்து எடு" என்றார். பாண்டிச்சேரி மேஸ்திரியின் கலவைச் சட்டி என் தலைமேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

லூர்து அக்கா குரலை உயர்த்தவில்லை. "பேத்துட்டு ரோஸே போடுங்க. இந்த ஆடிக்கு நீங்களே உக்காந்து மல்லாட்ட ஒடைங்க. நான் சிங்கப்பூர் போயி உங்க வேலைய பாக்கறேன்" என்றார்.

சவரிமுத்து சண்டைக்குத்தான் வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"நாங்க ஒரு ரூம்ல பதினோரு பேரு இருக்கறோம், லூர்து. பலகை போட்டுப் படுக்கறோம். கீழ வெறும் சிமெண்டு. அந்தப் படத்த செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன். வேலைலேருந்து வர்றவன்லாம் அதப் பாத்துட்டு, சவரிமுத்து ஊட்டுத் தர ரோஸுடான்னு சொல்லிட்டுத்தான் படுப்பான். இப்ப போயி செவப்புன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அதுவரை அந்த மனிதர் மேல் எனக்கு நல்ல கோபம். அந்த நிமிஷம் அது போய்விட்டது. நாங்கள் தரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அவர் அந்த ரூம் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேத்து எடுக்கிற பேச்சை அவரும் மறுபடி எடுக்கவில்லை, விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடமாடினார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். எல்லோரையும் கூடத்தில் நிறுத்திப் படம் பிடிக்கக் கோவிந்தசாமியும் வந்தார். புறப்படும்போது லூர்து அக்கா அவரை வாசலில் நிறுத்தினார்.

"அன்னிக்கித் தரைக்குப் பூசுனீங்களே, அந்த டப்பா இன்னும் இருக்குதா?"

"எது, ரோஸா? அது இல்லாம எனக்குத் தொழிலே கெடையாதே" என்றார் கோவிந்தசாமி.

என் பாலிஷில் வெளிச்சம் பட்டுத் தரை படத்தில் பளீரென்று வெள்ளையாக விழுந்திருந்தது. அவருக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தார். சவரிமுத்து, சாமியார், ராயப்பன், அக்கா எல்லோரும் ரோஸ் தரையில் நிற்கிறார்கள், சுற்றிலும் இளம்பச்சை பார்டர். கதவோரத்தில் நான், கையில் வாட்ச். சவரிமுத்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப சரியா வந்திருக்குது" என்றார்.

ஒரு பிரதியைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். அதன் பிறகு எனக்கு வேலைக்குக் குறைவே இல்லை. அந்த ரூமில் இருந்தவர்கள் வீடு கட்டும்போதெல்லாம், சவரிமுத்து வீட்டுக்கு ரோஸ் தரை போட்ட வாட்ச் கட்டின ஆளைத்தான் தேடச் சொல்லி எழுதினார்கள். நான் பழைய வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிமெண்ட் தூசி புகுந்து அது சீக்கிரமே நின்றுபோயிற்று. கழற்றவில்லை, அதில் யாரும் மணி கேட்கவுமில்லை.

வெளிநாட்டு வேலை எடுக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கலர் எது என்று ஆர்டர் கொடுக்கிறவரைக் கேளுங்கள். தரையில் யார் உட்காரப் போகிறார்களோ அவரிடம் மற்றதையெல்லாம் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால், ஊரில் நல்ல போட்டோக்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

சவரிமுத்து வேலை முடிந்து ஊரோடு வந்துவிட்ட பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மேல்சித்தாமூரிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பூர்லேருந்து நானே பாத்துப் பாத்து எடுத்த தர இது. அப்ப நல்ல ரோஸா இருந்துச்சி. இவங்க தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவி செவப்பா ஆக்கிட்டாங்க. இன்னா ஏழுமல, அப்ப ரோஸுதானே?"

லூர்து அக்கா காலை நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா சார். நல்ல ரோஸு" என்றேன்.

அக்கா அடுத்த மல்லாட்டையை எடுத்தார்.