கார்டு உள்ளேதான் இருக்கிறது

மலிவு விலை டேப்லெட் விற்கும் கடையில் விற்பதெல்லாம் சுலபம். வாங்கிப் போனவர் மறுநாள் திரும்பி வரும்போதுதான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கிறது.

பொந்தியான் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் எங்கள் கைபேசிக் கடை. கடையில் நானும் நோராவும். நோராவுக்கு என் வயசில் பாதிதான், மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிற பெண். திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “கார்டு போட்டேன், ஒண்ணுமே காணோம்.” நீங்களும் இப்படி ஒரு டேப்லெட் வாங்கி அவதிப்பட்டவராக இருந்தால் உங்களுக்கே தெரியும். விரல்நக அளவு மெமரி கார்டைத் தள்ளினால் ‘டிக்’ என்று உட்கார்ந்துவிடும். படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தால் சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஃபைல் மேனேஜர் என்று ஒன்று இருந்தால்தானே கார்டுக்குள் போக முடியும்? ஒரு கம்பெனிக்காரன் அதைக் கால்குலேட்டருக்கும் திசைகாட்டிக்கும் நடுவில் ஒளித்து வைத்திருப்பான். இன்னொருவன் அதற்குச் சீன எழுத்தில் பெயர் வைத்திருப்பான். மூன்றாமவன் வைக்கவே மாட்டான். செட்டிங்ஸுக்குள் நுழைந்து, ஸ்டோரேஜ் என்பதைத் தொட்டு, அடியில் இருக்கும் கார்டின் பெயரை அழுத்தினால்தான் அவனுடைய டேப்லெட்டில் கதவு திறக்கும்.

திறந்து கொடுப்பது என் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாதுதான். ஆனால் ஆட்கள் என் மேசையில் வைத்தே பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஜெயித்த பிள்ளை

பாலன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர். வாரம் முழுக்க அங்கேயே ஒரு அறையில் நாலைந்து பேரோடு தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்து போவார். ஒரு ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறப் போகிற அவசரத்தில், முதுகுப்பையோடு கடைக்குள் வந்தார். மகனுடைய பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு லீவு கிடைக்கவில்லையாம். மனைவி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக் கார்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார். டேப்லெட்டில் எதுவும் தெரியவில்லை. “அங்க போய் ரூம்ல படுத்துக்கிட்டுப் பாக்கலாம்னு வாங்கினேங்க. பஸ்ஸு இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும்” என்றார்.

நோரா வாங்கி, திரையில் இரண்டு மூன்று ஐகான்களைத் திறந்து மூடி, ஃபைல் மேனேஜரைப் பிடித்துவிட்டாள். முதல் வீடியோவைத் தொட்டதும் திடல், கூடாரம், ஒலிபெருக்கிச் சத்தம் எல்லாம் வந்தது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். நீல பனியன் போட்ட பையன் முதலாவதாகக் கயிற்றைத் தொட்டான். ஆசிரியர் ஒருவர் அவன் தோளில் தட்டுகிறார். அவன் அவரைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியபடி கூடாரத்துப் பக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்க்கிறான். வெளியே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. பாலன் நகரவில்லை. அந்த இடத்தையே இன்னொரு தரம் பின்னால் இழுத்துப் போட்டார். பிறகு எனக்குக் காட்டுவதுபோல் டேப்லெட்டைத் திருப்பி, “அக்கா, ஜெயிச்சதும் யாரைத் தேடுறான் பாருங்க” என்றார்.

பாதிப் படம்

மலிவு டேப்லெட்டுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தனக்குப் புரியாத கார்டைப் போட்டால், “எனக்குப் படிக்கத் தெரியவில்லை” என்று சொல்லாது. “இந்தக் கார்டைத் தயார் செய்யவா?” என்று மரியாதையாகக் கேட்கும். நல்லதுக்குத்தான் கேட்கிறது என்று நினைத்து ‘சரி’யை அழுத்தினால், கார்டைச் சுத்தமாக வழித்துவிட்டுத் தயாராக வைத்திருக்கும். மேரி அக்கா அழுத்திவிட்டார்.

அவர் தன் வீட்டில் வைத்து மற்றவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர். வங்கியில் வேலை செய்த ஒரு பெண்ணின் குழந்தையை, தலை நிற்காத நாளிலிருந்து ஓடி விளையாடுகிற வரைக்கும் வளர்த்திருக்கிறார். தாய்க்குப் பினாங்குக்கு மாற்றல் வந்தது. பிள்ளையும் போய்விட்டது. “அது இங்க இருக்கறப்ப எடுத்த படம் அத்தனையும் இதுலதாம்மா” என்று கார்டை என் உள்ளங்கையில் வைத்தார். புதுப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். “கேட்டா அனுப்புவாங்கம்மா. ஆனா அதுல இருக்கறது அவங்க பிள்ளை” என்றார்.

கடைக் கணினியில் அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. எவ்வளவு மீளும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நாளெல்லாம் ஓடவிட்டோம். அடுத்த நாள் மேரி அக்கா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு படமாக வருவதைப் பார்த்தார். பாதிக்குமேல் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் பல, மேல்பாதி மட்டும் தெளிவாக இருந்தன. பிள்ளையின் நெற்றி, கண், வாயில் அப்பிய சோறு வரைக்கும் வரும். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இதற்கு மேல் எடுக்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “கீழ்ப்பாதி எனக்குத் தெரியும்மா. நான்தானே கழுவி விட்டேன்” என்றார்.

மூன்றாவது வரிசை

ராஜமாணிக்கம் செம்பனை ஆலையில் மேற்பார்வையாளர். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் டேப்லெட்டில் கார்டு நன்றாகவே வேலை செய்தது. உள்ளே ஒரே ஒரு படம்தான், செடெனாக்கில் நடந்த யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப்படம். செட்டிங்ஸ் வழியாகச் சுற்றிப் போய்த்தான் அதைத் திறக்க முடிகிறது, தான் செய்வது சரியான வழிதானா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

திறந்ததும் இரண்டு விரலால் படத்தை விரித்தார். மாப்பிள்ளை, பெண், மாலை எல்லாம் ஓரமாகப் போய்விட்டன. மூன்றாவது வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால் நின்று, பச்சைப் புடவையில் பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கிற ஒரு பெண்ணின் முகத்தில் படம் வந்து நின்றது. நெற்றியில் நரை இருந்தது. யாரென்று நான் கேட்கவில்லை. உதவி செய்கிற நினைப்பில், “அங்கிள், இவ்வளவு சுத்தவே வேணாம். இந்தப் படத்தை முகப்பிலேயே வச்சுத் தரேன், டேப்பை எடுத்ததுமே தெரியும்” என்றேன். பட்டென்று டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபமில்லை, பயந்த மாதிரிதான் இருந்தது. “வேணாங்க. தேடிப் போய்ப் பாக்கணும். எடுத்ததுமே முன்னாடி நின்னா பழகிப் போயிடும்.”

மூவார் ரோடு

சிவலிங்கமும் அவர் மனைவி பார்வதியும் எங்கள் ஊரில் பலருக்குத் தெரிந்தவர்கள். பார்வதி ஆண்டி வீட்டிலேயே புடவை வியாபாரம் செய்தவர். ஆண்டி காடியில் முன்சீட்டில் உட்கார, சிவலிங்கம் அங்கிள் ஓட்ட, தங்காக் ஊருக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வருவார்கள். தெருவில் போகும்போதே ஆண்டியின் குரல் காடிக் கண்ணாடியைத் தாண்டி வெளியே கேட்கும். அப்புறம் ஆண்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காடியை மகன் எடுத்துக்கொண்டு போனான்.

அங்கிள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். ஆண்டி தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். காடியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவில் இருந்த கார்டை மட்டும் அங்கிள் மகனிடம் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். “வீட்டுல டிவி போட்டா மூஞ்சைத் திருப்பிக்கிறா. ரோடாச்சும் பாப்பாளேன்னுதான் இந்த டேப்பை வாங்கினேன். கார்டைப் போட்டா தயார் செய்யவான்னு கேக்குது. நான் எதையும் அமுக்கலம்மா, அப்படியே கொண்டாந்துட்டேன்” என்றார். அமுக்கவில்லை என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. கார்டு கொள்ளளவில் பெரியது, அந்த டேப்லெட்டுக்குப் படிக்கத் தெரியாத வகை. கணினியில் போட்டு, சின்னக் கார்டு ஒன்றுக்கு மாற்றி, அதை டேப்லெட்டில் சொருகினேன்.

ஃபைல் மேனேஜரில் துண்டு துண்டாக வரிசை வந்தது. இந்தக் கேமராக்கள் இடம் நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதை எடுக்கும். ஆக, கார்டில் இருந்தது அவர்கள் கடைசியாகப் போன பயணங்கள்தான். ஒன்றைத் தொட்டேன். முன்னால் ஒரு லோரி, இரண்டு பக்கமும் செம்பனை, மழை வரப்போகிற வானம். அங்கிள் டேப்லெட்டை ஆண்டியின் மடியில் வைத்து, “பாரு, மூவார் ரோடு” என்றார். ஆண்டி பார்க்கவில்லை. சத்தம் குறைவாக இருக்கிறது என்று நான்தான் கூட்டிவிட்டேன்.

“இந்தாங்க, லோரி பின்னாலயே ஊர்ந்துகிட்டுப் போறீங்க, முந்துங்களேன். ஐயோ வேணாம், எதுக்க வண்டி வருது, முந்தாதீங்க! மூவார்ல நிறுத்துங்க, ஒத்தாக் ஒத்தாக் வாங்கிச் சாப்பிடணும். போன தடவ நிறுத்தறேன்னு சொல்லிட்டு நிறுத்தல. கேக்குதா இல்லியா?”

அந்தக் கேமரா காடிக்குள் பேசுவதையும் சேர்த்துப் பதிவு செய்யும் என்பது அங்கிளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கையைக் கல்லாப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டார். ஆண்டி தலையை நிமிர்த்தினார். திரையில் ரோடு ஓட ஓட, அவர் குரல் துணிக்கடைக்காரனைத் திட்டியது, மருமகளைப் புகழ்ந்தது, சன்னலை ஏற்றச் சொன்னது. நாற்காலியில் இருந்த ஆண்டியின் உதடு அதோடு சேர்ந்து அசையப் பார்த்தது. சத்தம் வரவில்லை. பிறகு அவருடைய முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்தார். நோரா உள்ளறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த துண்டில் அங்கிளுடைய குரல் வந்தது. “வாயை மூடிக்கிட்டு வரியா? காது வலிக்குது!” அதற்கப்புறம் ரோட்டின் இரைச்சல் மட்டும்தான். அங்கிள் என் பக்கம் குனிந்து, ஆண்டிக்குக் கேட்காத குரலில், இதை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லி டேப்லெட்டை எடுக்கக் கை நீட்டினேன். ஆண்டி நல்ல கையால் அதன்மேல் பொத்திக்கொண்டு, விடாமல் பிடித்துக்கொண்டார். அங்கிள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். “சரி, சரி, இருக்கட்டும்மா. அவளுக்கு நான் கத்துறதும் வேணுமாம்.”

சோதனைக் கார்டு

புது டேப்லெட்டை விற்பதற்கு முன்னால் கார்டு படிக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்போம். அதற்கென்று என்னிடம் ஒரு கார்டு உண்டு. அதில் ஒரே ஒரு படம். என் மகள் விமான நிலையத்தில் நின்று சிரிக்கிறாள். மெல்பர்னில் தாதியாக இருக்கிறாள். போன தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாள், வேலை முறை மாறிவிட்டது. இந்தத் தீபாவளிக்கும் டிக்கெட் போட்டு ரத்து செய்துவிட்டாள். போன் பண்ணுவாள், பண்ணாமல் இல்லை. ஆனால் நான் கடையை விட்டு வீட்டுக்குப் போகும்போது அவள் தூங்குகிறாள், அவள் ஓய்வாக இருக்கும்போது எனக்கு எதிரே யாராவது டேப்லெட்டோடு நிற்கிறார்கள்.

ஆக, ஒவ்வொரு டேப்லெட்டிலும் ஃபைல் மேனேஜரைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தால் அவள் வருவாள். மலிவுத் திரைகள் ஆளுக்கொரு நிறம் காட்டும். ஒன்றில் வெயிலில் அலைந்தவள் மாதிரி இருப்பாள், இன்னொன்றில் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி வெளிறிப் போயிருப்பாள். அப்போது எனக்கு ஒரு நிமிஷம் நிஜமாகவே கவலை வரும். சாப்பிட்டாளா, உடம்புக்கு என்ன என்று. பிறகு கார்டை அழுத்தி வெளியே எடுத்து, டேப்லெட்டைப் பெட்டியில் போட்டு, வாங்கியவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு நாள் மதியம் ஒரு பள்ளிக்கூடத்துக்காக நிறைய டேப்லெட்டுகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. மேசை நீளத்துக்கு அடுக்கி வைத்து ஒன்றொன்றாக அவளைக் கொண்டுவந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசி டேப்லெட்டில் கார்டை எடுக்க மனசு வரவில்லை. திரை அணைய அணையத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நோரா பசியாற வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். “அக்கா, பொந்தியான்ல பாதி டேப்பு உங்க மகளைப் பாத்துருச்சு. நீங்கதான் இன்னும் பாக்கல. டிக்கெட் போடுங்கக்கா, நான் கடையைப் பாத்துக்கறேன்.”

கார்டைத் திறந்து காட்ட எங்கள் கடையில் ஆள் இருக்கிறது, ஆனால் திறந்தபிறகு என்ன செய்வது என்று கேட்டால் நாங்களும் உங்களைப் போல்தான் திரையைத் தடவிக்கொண்டு நிற்போம்.