சுகுமாரன் அயர்ன் பண்ணிய அடுப்படி

சுகுமாரன் எனக்குத் தம்பி முறை. என் அம்மாவும் அவன் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். கோலா கங்சார் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் இருந்தோம். அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டினான், லோரி ஓட்டினான், இப்போது ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கிறான். எந்த வேலைக்குப் போனாலும் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அது அவன் சாமர்த்தியம் இல்லை. அவன் பெண்சாதி துளசி, ஆயர் தாவார் ஊர்க்காரி, புந்தோங் டோபிக் கடையில் வருசக்கணக்காகத் துணி தேய்த்தவள். வீட்டிலும் அயர்ன் அவள் கையில்தான். அவன் தொட்டதில்லை, அவளும் தொட விட்டதில்லை.

போன வருசம் துளசிக்கு முழங்காலில் ஆபரேசன் ஆனது. இனிமேல் ரொம்ப நேரம் நின்று சமைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் புனிதா தைப்பிங்கிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் நின்றாள்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்பா. அந்த ஒசந்த அடுப்படியில எப்படி நிப்பாங்க?"

"எத்தன நாளைக்கு?"

"நாள் என்ன நாள். அங்கயே இருக்கட்டும்லா."

சுகுமாரன் நேரே பலகைக் கடைக்குப் போனான். பிளைவுட் வாங்கி வந்தான்.

துளசி உட்கார்ந்தபடியே சமைக்கத் தோதாகத் தாழ்வான மேடை, அதன் இரு பக்கமும் இழுப்பறைகள், நடுவில் கால் நீட்ட இடம். எல்லாம் அவனே அறுத்து, அவனே ஆணி அடித்தது. தைப்பிங் போகுமுன் துணிமணி எடுக்கப் புனிதாவின் காடி எப்படியும் வீட்டுக்கு வரும், அம்மா உள்ளே வந்து ஒரு தடவை பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போ என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தான்.

பாக்கி இருந்தது ஓரங்கள்தான். அறுத்த பிளைவுட்டின் ஓரத்தில் சிலாம்பு நிற்கும். துளசிக்கோ இனிப்புநீர் வியாதி, சின்னக் கீறல் பட்டாலும் லேசில் ஆறாது. அந்த ஓரத்தைப் புனிதா தடவிப் பார்த்தால் போதும், அம்மாவை அங்கே ஒரு நாள்கூட விடமாட்டாள். கடை முதலாளி தவுக்கே அதற்கென்று ஒரு சுருள் நாடா கொடுத்தார். மரத்தைக் காகிதம் போலச் சீவிச் செய்தது, பின்பக்கம் பசை. ஓரத்தில் வைத்து அயர்ன் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியிலிருந்து துளசி வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகுமாரனிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "அக்கா, கொஞ்சம் வாங்க." நான் அடுத்த சந்துதான்.

போய்ப் பார்த்தால், ஒட்டின நாடா எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி அலையலையாக எழும்பி நிற்கிறது.

"என்னடா செஞ்சே?"

"துளசி செய்ற மாரிதான்க்கா செஞ்சேன். தண்ணி ஊத்தி, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அயர்னின் அடியில் பசை தீய்ந்து பிடித்திருந்தது.

"ஓடிப் போயி வேற நாடா வாங்கியாடா."

"ஞாயித்துக்கெழம கடை இல்லக்கா."

அதற்குள் காடி வந்துவிட்டது. புனிதா பிடித்துக்கொள்ள, துளசி மெதுவாக வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கால் தாராளமாக நீண்டது, கை அடுப்புக்கு எட்டியது. ஓரத்தைத் தடவினாள்.

"பாத்தீங்களாம்மா, எல்லாம் பேந்துகிட்டு நிக்குது. கையில குத்தும்," என்ற புனிதா, உள் அறைக்குப் போய்த் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

துளசியின் கண் அயர்ன் மேல் இருந்தது.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான்," என்றான் சுகுமாரன்.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"நீ ஊத்துவியே."

"அது சட்டைங்க. பலகைய நனைச்சா ஒட்டுமா? இத்தன வருசம் நான் தேய்க்கிறப்ப என்னத்ததான் பாத்தீங்க?"

"ஒன்னத்தான் பாத்தேன்."

துளசி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தண்ணியக் கீழ ஊத்துங்க. பழைய பேப்பர்ல உப்பப் பரப்பிக் கொண்டாங்க," என்றாள்.

சூடான அயர்னை உப்பின் மேல் நாலு இழுப்பு இழுத்தாள், பிடித்திருந்த பசை போய்விட்டது. நாடாவின் மேல் துணியைப் போட்டு, தண்ணீரில்லாமல் நிதானமாகத் தேய்த்தாள். பிறகு துணியை மடித்துவைத்து அழுத்திப் பிடித்தாள்.

"சூடு ஆறுற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. நீங்க ஒட்டின ஒடனே ஓடியிருப்பீங்க."

"அடுத்ததப் பாக்கப் போனேன்."

"அதான்."

அவள் அழுத்திவிட்ட இடங்களில் வெளியே நீட்டிய நாடாவை அவன் கத்தியால் சீவிக்கொண்டே வந்தான். பால் வெட்டிய கை, பலகையில் படாமல் சீவியது. இரண்டு இடத்தில் மட்டும் கொப்புளம் போல மேடு நின்றது. அது அமுங்கவே இல்லை.

புனிதா பையைக் காடியில் ஏற்றி, உள்ளே குளிரட்டும் என்று எஞ்சினையும் முடுக்கிவிட்டு வந்தாள்.

"கெளம்பலாமாம்மா?"

துளசி ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். மேட்டின் மேல் மட்டும் கை கொஞ்சம் நின்றது.

"குத்தல," என்றாள். "காடிய அணைச்சிட்டு வா. பெட்ரோல் எண்ணெ வீணாவுது."

"அப்ப பையி?"

"தைப்பிங்ல தெனம் மழை. ஒங்கப்பா சட்டைய எங்க போட்டு காய வச்சித் தேய்க்கிறது?"

"அப்பா சட்டை எதுக்கும்மா தைப்பிங் வருது?" என்று கேட்டபடி புனிதா திரும்பினாள். சுகுமாரன் அதற்குள் வாசலைத் தாண்டிப் பையை இறக்கிக்கொண்டிருந்தான்.